ஆற்றுக்குக் கீழால் போன மாப்பிள்ளை

ஆரணி,

போன செவ்வாய்க்கிழமை நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டு நின்றபோது நீ வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டு ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, அண்டைக்கு நீங்கள் மிலானைக் காரிலை ஏத்திக்கொண்டு போகாமல் விட்டிருந்தா நாங்கள் இப்ப போகவேண்டி வந்திராது. அதை நினைச்சுக் கவலைப்படுறீங்களோ?" நான் குழாயைத் திறந்துவிட்டு, காதில் விழாதவள்போல மீனைக் கழுவிக்கொண்டு நின்றேன். கழுவி முடிந்த மீனைத் திரும்பவும் கழுவினேன். நீயும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீயும் உன் புருஷன் மிலானும் சேர்பியாவுக்குப் பறக்கிறீர்கள். அதற்கு முன் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவேண்டும். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் அழுதுவிடுவேன், நான் அழுதால் நீ கட்டிய பெட்டியை அவிழ்க்கத் தொடங்குவாய். ஆகவே எழுதுகிறேன். உன் அப்பாவும் வாசிக்கட்டும், மிலானுக்கும் நீ வாசித்துச் சொல்லு. இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

மிலானை நீ முதன்முதல் மோர்டனில் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். கதவைத் திறந்தால் எனக்கு முன்னால் ஒரு சட்டைப் பொத்தான்தான் தெரிந்தது. நிமிர்ந்து பார்க்கத்தான் முகம். உன் அப்பா வந்தவரை இருக்கச் சொல்லாமல் எத்தனை அடி உயரம் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். நான் அதைவிட மோசம். கூடைப்பந்து விளையாடினவர், இப்போது லண்டனில் ஒரு சிறிய கழகத்துக்குப் பயிற்சியாளர் என்று நீ சொல்லி முடித்ததும், "விளையாட்டுச் சரி தம்பி, வேலை என்ன?" என்று கேட்டேன். நீ அதை ஆங்கிலத்தில் சொல்லமாட்டேன் என்று அடம்பிடித்தாய். அவர் விடவில்லை, சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். தன்னுடைய தாயும் இதையே கேட்டுக்கொண்டு இருக்கிறார் என்றார். அதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. கோயிலில் கண்ட சனத்துக்கெல்லாம் மாப்பிள்ளை விளையாட்டுத் துறையில் மேனேஜர் என்று சொல்லித் திரிந்தேன். ஒருதரம் அவரிடமே, கணக்கியல் படித்தால் பிற்காலத்துக்கு நல்லதுதானே என்று கதை கொடுத்துப் பார்த்தேன். அவர் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு இன்னொரு தோசை கேட்டார்.

அவர் கதையை எனக்கு ஒரே நாளில் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் சாப்பாட்டு மேசையில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சேர்பியாவின் தெற்கே மலையடியில் ஒரு சிறு பட்டணம், தகப்பன் வேலை செய்த தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம், மழை பெய்தால் ஒழுகும் கூரை. பதினாறு வயதில் பெல்கிரேட்டில் ஒரு பெரிய கழகம் கூப்பிட, ஒரு பையோடு பஸ் ஏறியவர். அதன் பிறகு பொஸ்னியா, ருமேனியா, சைப்பிரஸ் என்று ஊர் ஊராக விளையாடி, கடைசியாக இங்கிலாந்து. சில கழகங்களைப் பருவத்தின் நடுவில் இழுத்து மூடினார்கள், சில இடங்களில் பயிற்சியாளர் மாற இவரையும் மாற்றினார்கள். இவ்வளவு விளையாடியும் புள்ளி எடுப்பவர் பட்டியலில் இவர் பெயர் பெரிதாக வந்ததில்லை. ஏன் என்று கேட்டேன். மேசையில் இருந்த வடைகளை எடுத்து அங்கொன்று இங்கொன்றாக வைத்து, பருப்பு ஒன்றைப் பந்தாக உருட்டி விளங்கப்படுத்தினார். கூடைக்குள் போடுவது இன்னொருவர், யார் வெறுமையாக நிற்கிறார் என்று பார்த்து அவரிடம் பந்தைச் சேர்ப்பதுதான் தன் வேலை என்றார். உன் அப்பா அந்த வடைகளைக் காட்டி, விளையாடி முடிந்தால் சாப்பிடலாமோ என்று கேட்டார்.

அவருக்கு விளையாட்டு முடிந்தது உன்னால்தான் என்று அவரே சொன்னபோது எனக்குப் பயமாகப் போய்விட்டது. பிறகுதான் விளங்கியது. முழங்கால் நோவோடு உன்னிடம் வந்தவரிடம் மற்றவர்கள் எல்லாம் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருக்க, பிசியோதெரபிஸ்டாக நீ ஒருத்திதான் இனி விளையாடினால் நடக்கவே ஏலாமல் போகும் என்று முகத்துக்கு நேரே சொன்னாயாம். அவர் கோபித்துக்கொண்டு எழும்பிப் போனாராம். பிறகு வேறு ஓர் இடத்தில் வைத்தியம் முடித்து, தான் விளையாடிய கழகத்திலேயே பயிற்சியாளர் ஆகி, நன்றி சொல்ல வந்தவர்தான், மிச்சம் உனக்குத் தெரியும். உண்மையைச் சொல்லும் வாயை நீ எங்கிருந்து எடுத்தாய் என்று உன் அப்பா என்னைப் பார்த்துக் கேட்டார். நான் கோயிலில் சொன்ன மேனேஜர் கதையை மனதில் வைத்துத்தான் கேட்டார் என்று எனக்குத் தெரியும்.

இப்போது பொன்னுருக்கு. மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரம் பார்த்துத் தாலிக்குப் பொன்னை உருக்கிவிட்டால், கல்யாணம் முடியும்வரை மாப்பிள்ளையும் பொம்பிளையும் முகம் பார்க்கக் கூடாது, வீட்டை விட்டுத் தூரம் போகக் கூடாது. எங்கள் பக்கத்தில் இன்னும் ஒன்று, ஆறு குளம் கடக்கவே கூடாது. இவற்றையெல்லாம் நான் மிலானுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் ஒரு விளையாட்டின் விதிகளைக் கேட்பதுபோலக் கேட்டார். பல்கனியில் நிற்கலாமோ, கீழே குப்பை போடப் போகலாமோ என்றெல்லாம் சந்தேகம் கேட்டுத் தெளிந்தார். வியாழக்கிழமை அவருடைய கோலியர்ஸ் வுட் வீட்டில் சடங்கு. டூட்டிங்கிலிருந்து வந்த நகைப் பத்தர் நெருப்பை ஊத, புகை மணி கத்தத் தொடங்கியது. உன் அப்பா கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிறினார். மிலான் கதிரை இல்லாமலே கையை நீட்டி அதை நிறுத்தினார். பொன் உருகித் திரண்டபோது, சேர்பியாவிலிருந்து தனியாக வந்திருந்த அவருடைய தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரோடு நான் எப்படிக் கதைத்தேன் தெரியுமா? ஜேர்மன் மொழியில். அவர் இளவயதில் ஜேர்மனியில் துப்புரவு வேலை செய்தவர். நான் உன்னைப் பெற்ற ஊரும் அங்கேதானே. இருவரும் பேசியது உடைந்த ஜேர்மன்தான், ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் உடைந்திருந்தபடியால் நன்றாக விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அதற்கு முதல் நாள் சனிக்கிழமை ஓர் ஆட்டம் வந்து விழுந்தது. பருவம் முடிந்துவிட்டது என்று நம்பித்தான் நாள் வைத்தோம். முன்பு ஒருநாள் மண்டபத்தில் தண்ணீர் ஒழுகி நின்றுபோன ஆட்டத்தை, கடைசி நேரத்தில் அந்தச் சனிக்கிழமைக்குப் போட்டுவிட்டார்கள். பிளேஸ்டோ பக்கம் மண்டபம். அதில் தோற்றால் கழகம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும், இறங்கினால் பயிற்சியாளர் வேலையும் இராது என்று நீதான் எனக்குச் சொன்னாய். அவரைக் கேட்டால், விதி விதிதான், உதவிப் பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார் என்றாராம். நீ மஞ்சள் பூசிய முகத்தோடு மேல்மாடியில் இருந்தாய். நான் வந்து வாயைத் திறக்க முதலே, "ஒண்டும் சொல்லாதேங்கோ அம்மா, அவர் தானாத்தான் ஒத்துக்கொண்டவர்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். பிறகு, மாப்பிள்ளை வீட்டுக்குப் பலகாரம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் காரை எடுத்தேன். சத்தியமாகப் பலகாரம் கொடுக்கத்தான் போனேன்.

அவருடைய தாய்தான் கதவைத் திறந்தார். உள்ளே மிலான் சோபாவில் இருந்தார். கோட்டு சூட்டு, கழுத்துப் பட்டி, மினுக்கிய சப்பாத்து. கைபேசியை அணைத்து மேசையில் கவிழ்த்து வைத்திருந்தார். தொலைக்காட்சியும் இல்லை. இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். எங்கே வெளிக்கிட்டார் என்று நான் தாயிடம் கேட்டேன். எங்கும் இல்லை என்றார் அவர். ஆட்டம் நடக்கிற நேரத்தில் வேறு உடுப்புப் போட அவனுக்குத் தெரியாது, சின்ன வயதில் காலை முறித்துக்கொண்டு வீட்டில் கிடந்தபோதும் ஆட்ட நேரத்துக்குச் சட்டையை மாட்டிக்கொண்டுதான் இருப்பான் என்றார். பிறகு ஒன்று சொன்னார், அதை நான் மறக்கமாட்டேன். "பதினாறு வயதில் அவன் போனபோது சப்பாத்தை எடுத்து வாசலில் வைத்தது நான்தான். ஒளித்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை."

பலகாரப் பெட்டி இன்னும் என் கையில்தான் இருந்தது. ஐயரைக் கேட்டால் அவர் ஏதாவது சொல்லுவார், ஆகவே கேட்கவில்லை. உன் அப்பாவைக் கேட்டால் ஐயரைக் கேட்கச் சொல்லுவார். "எழும்புங்கோ தம்பி, வந்து காருக்கை ஏறுங்கோ" என்றேன். அவசரத்தில் எனக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை வருவதில்லை. அவருக்கு விளங்கியது. "ரூல், மாமி?" என்று கேட்டார். "அது நான் சொன்ன ரூல்தானே, நானே பாத்துக்கொள்ளுறன், ஏறுங்கோ" என்றேன். அவருடைய குசினியில் தேநீருக்குப் பிழிகிற தேசிக்காய் ஒன்று கிடந்தது. எடுத்துச் சாமியை நினைத்து, கண்ணூறு படாமல் இருக்க அவருடைய கோட்டுப் பையில் போட்டுவிட்டேன். எங்கள் சின்னக் காரின் முன் சீற்றில் அவர் முழங்கால் இரண்டும் முகத்துக்கு நேரே நின்றன. பாவம், அவர் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கிய நாளிலிருந்து முன் சீற்று அவருக்கென்றே ஆகிப்போனது, உன்னையும் பின்னால் தள்ளியாயிற்று.

வழியில்தான் எனக்கு ஆறு ஞாபகம் வந்தது. தேம்ஸைக் கடக்காமல் பிளேஸ்டோவுக்கு எப்படிப் போவது? பிளாக்வோல் சுரங்கத்துக்குள் இறங்கும்போதுதான் மனம் ஆறியது. பாலத்தில் ஏறினால்தானே ஆற்றைக் கடப்பது, நாங்கள் ஆற்றுக்குக் கீழால் அல்லவா போகிறோம். இதை நான் அவருக்குச் சொல்ல, அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, நல்ல வக்கீல் மாமி என்றார். இந்த வாதத்தைப் பிறகு ஐயரிடமும் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு பஞ்சாங்கத்தை மூடினார். மறுப்பில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

நான் வாழ்நாளில் பார்த்த முதலாவது கூடைப்பந்து ஆட்டம் அது. நாங்கள் போனபோது பாதி முடிந்திருந்தது, எங்கள் பக்கம் பின்னால் நின்றது. நான் நினைத்தேன், இவர் ஓடிப்போய் உதவிப் பயிற்சியாளரைத் தள்ளிவிட்டுக் கத்தத் தொடங்குவார் என்று. அவர் போய் அந்தப் பொடியனுக்குப் பக்கத்தில் இருந்தார், அவ்வளவுதான். காதில் ஏதோ கேட்டார், தலையாட்டினார், பிறகு பார்த்துக்கொண்டு இருந்தார். மற்றப் பக்கத்துப் பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். கடைசிக் கட்டத்தில் ஒரு புள்ளி பின்னால் நிற்கும்போது ஆட்டத்தை நிறுத்தி எல்லாரையும் கூப்பிட்டார்கள். உதவிப் பயிற்சியாளர் தானாகவே வெள்ளைப் பலகையை மிலானிடம் நீட்டினார். மிலான் அதை வாங்கி, அணித்தலைவனுக்கு முன்னால் குந்தி இருந்து, பேனையை அவன் கையில் கொடுத்தார். நான் பின் வரிசையில்தான் இருந்தேன், எனக்குக் கேட்டது. நீ உள்ளே நிற்கிறாய், உனக்கு என்ன தெரிகிறது என்று அவனைக் கேட்டார். மூன்று பேர் தன்னைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், இடது பக்க மூலை வெறுமையாகக் கிடக்கிறது என்று அவன் கீறிக் காட்டினான். அப்படியென்றால் அதையே செய்வோம் என்றார். அதையே செய்தார்கள். தலைவன் பந்தோடு எழும்ப எல்லாரும் அவனிடம் பாய, பந்து மூலைக்குப் போனது, அங்கிருந்து கூடைக்குள். நான் எழும்பி நின்று கத்தினேன் என்று உதவிப் பயிற்சியாளர் உனக்குச் சொன்னாராமே. அது உண்மைதான்.

ஆரணி, அந்த ஆட்டத்தில் யார் வென்றது என்பதைவிட எனக்கு அந்தப் பேனைதான் பெரிது. உன்னை ஒருவர் கையில் கொடுக்கப்போகிறோம், அவர் நாளைக்கு உன்னைக் கேட்டு நடப்பாரோ, உன் தலைக்கு மேலால் முடிவெடுப்பாரோ என்று எனக்குள்ளே ஒரு பயம் கிடந்தது. அவருடைய வேலையும் உயரமும் அதற்கு ஒரு சாட்டு. அந்தப் பயம் அந்த மண்டபத்திலேயே போனது. திரும்பி வரும்போது கார் முழுக்கத் தேசிக்காய் மணம். ஆட்டம் முழுவதும் பைக்குள் கையை வைத்து அதைப் பிசைந்தே விட்டார். அடுத்த நாள் மணவறையில் தலைப்பாகை மேலே இடிக்கக் குனிந்து உன் கழுத்தில் தாலி கட்டியவர், வேட்டி மடிப்பிலும் ஒரு தேசிக்காய் வைத்திருந்தார். இது உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

அந்த வெற்றியால்தான் எல்லாம் வந்தது. அந்த ஆட்டத்தை இணையத்தில் பார்த்த அவருடைய பழைய நண்பர் ஒருவர், இப்போது அவர்களுடைய ஊர்க் கழகத்தை நடத்துகிறவர், கல்யாணம் முடிந்து இரண்டு கிழமையில் அழைத்தார். தலைமைப் பயிற்சியாளர். சின்ன வயதில் அவர் விளையாடிய, ஒழுகின அதே மண்டபம், இப்போது புதுக் கூரை. மிலான் வேண்டாம் என்று சொல்லத்தான் இருந்தார். அவர் உன்னிடம் பேனையைத் தர, போவோம் என்று கீறியது நீதான். நான் அன்று பலகாரத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் திரும்பியிருந்தால், அவர்கள் தோற்றிருப்பார்கள், அந்த நண்பருக்கும் இவருடைய ஞாபகம் வந்திராது, நீ மோர்டனில் இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்திருப்பாய். ஏதோ வேலை தேடிக்கொண்டு அவரும் இருந்திருப்பார். நானே காரோட்டிக் கொண்டுபோய் என் பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பினேன் என்று இந்த ஆடி மாதம் முழுவதும் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். உன்னோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அது உன் மேல் கோபம் இல்லை, பிள்ளை.

உன் அப்பா ஜேர்மனியில் நல்ல வேலையில் இருந்தவர். மெஷின் வேலை, கையில் தொழில், முதலாளிக்கு இவர்மேல் உயிர். எனக்கு அந்தச் சிறு ஊர் பிடிக்கவில்லை. இரண்டு வருஷம் பாஷை படிக்காமல் வீம்பாக இருந்தேன், பேக்கரியில் விரலால் காட்டிப் பாண் வாங்கினேன். உன் சின்னம்மா லண்டனில் இருக்கிறாள், அங்கே தமிழ்ச்சனம் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி அவரை இங்கே இழுத்து வந்தேன். இங்கே அவர் பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலையிலிருந்து எல்லாத்தையும் புதிதாகத் தொடங்கினார். இந்தக் கிழமைதான் அவரிடம் கேட்டேன், அது உங்களுக்குக் கவலையாக இருக்கவில்லையா என்று. "இருந்தது. ஆனா நீ சிரிக்கத் தொடங்கினாய்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், பத்திரிகையைத் திரும்ப விரித்துக்கொண்டார். நீயும் மிலானும் யாருக்காக யார் இடம் மாறியது என்று ஒருநாளும் கணக்கு வைக்காதீர்கள். இன்றைக்கு நீ போகிறாய், நாளைக்கு அவர் வருவார். அவருடைய தொழில் அப்படி, உன் தொழில் எங்கேயும் போகும்.

போன உடனே பாஷை படி. என்னைப்போல் விரலால் பாண் வாங்காதே. உன் வேலையை விடாதே, முழங்கால் எல்லா ஊரிலும் ஒன்றுதான். அவர் தோற்றுவிட்டு வரும் நாட்களில் ஏன் என்று கேட்காதே, முதலில் சாப்பாடு கொடு. மாமியார் தனிய இருந்து பழகியவர், குசினியில் உன்னை விடமாட்டார், விடாவிட்டால் நல்லது என்று நினைத்துக்கொண்டு போய் இரு. அவரோடு கதைக்க முடியாமல் போனால் எனக்கு அழைப்பு எடு, ஜேர்மனில் நான் பேசித் தீர்க்கிறேன். நாங்கள் ஏற்கெனவே ஒவ்வொரு புதனும் பேசுகிறோம், அது உனக்குத் தெரியாது.

இனி உன் கேள்வி. கவலைப்படுகிறீர்களோ என்று கேட்டாய். ஓம், படுகிறேன். உன்னுடைய அறையைத் தாண்டிப் போகும்போது படுகிறேன். இடியப்பம் அவிக்கும்போது உனக்கும் சேர்த்துக் கூடப் போட்டுவிட்டுப் படுகிறேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை திரும்ப வந்து, அந்த மனிதர் திரும்பச் சப்பாத்தோடு சோபாவில் இருந்தால், நான் திரும்பவும் கார்த் திறப்பை எடுப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை விமான நிலையத்துக்கு நான்தான் காரோட்டுவேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். தேசிக்காய் இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன், ஆளுக்கொன்று. மிலானிடம் மட்டும் ஒன்று சொல்லிவை. அவருக்குக் கால் மடக்க இடம் காணாதுதான், எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு ஒருநாள் அவர் பின்னால் போய் இருக்கட்டும். முன் சீற்றில், எனக்குப் பக்கத்தில், நீ இரு.

அம்மா